பழைய போர்டுக்குப் பொருந்தும் புரொசசர்: மட்டக்களப்பில் ஒரு சரிபார்ப்புச் சேவை

மட்டக்களப்பு திருமலை வீதியில் உள்ள ஒரு சிறிய கணினிக் கடையில், பழைய மதர்போர்ட் (கணினியின் தாய்ப்பலகை) ஒன்றில் எந்தப் புரொசசர் (கணிப்பைச் செய்யும் முதன்மைச் சில்லு) வேலை செய்யும் என்று பார்த்துச் சொல்வதற்கு 500 ரூபா வாங்குகிறார்கள். புரொசசரையும் அங்கேயே வாங்கினால் அத்தொகையைக் கழித்துவிடுகிறார்கள். குறைகளையும் எழுதப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். பார்த்துச் சொல்வதற்கும் காசா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பார்க்காமல் வாங்கியதன் பலனாக எங்கள் கணினி நான்கு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது.

கல்லடியில் எங்கள் வீட்டிலிருப்பது எச் 61 சிப்செட் (புரொசசரையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் சில்லு) கொண்ட கிகாபைட் நிறுவனத்தின் போர்ட். அதில் பென்டியம் ஜி 620 புரொசசர் இருந்தது. மகளின் படிப்புக்கு அதன் வேகம் போதாமல் போகவே வேறொரு கடைக்குச் சென்றேன். சொக்கெட் (போர்டில் புரொசசர் உட்காரும் இடம்) 1155 என்றால் ஐ5 3470 புரொசசரைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று சொல்லி, பழைய பென்டியத்தைக் கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டு அந்த 3470 ஐ விற்றார்கள். வீட்டில் மாட்டியபோது விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, போர்ட் பழுதாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள்.

போர்ட் பழுதாகவில்லை. ஜி 620 என்பது 2011 இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. 3470 அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஐவி பிரிட்ஜ். இரண்டும் ஒரே சொக்கெட்டில் உட்கார்ந்தாலும், போர்டில் இருக்கும் பயோஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) ஐவி பிரிட்ஜ் வருவதற்கு முன்னர் எழுதப்பட்டதாயின் புதிய புரொசசரை அதனால் அடையாளம் காண முடியாது. பயோஸைப் புதுப்பிக்கலாம்தான். ஆனால் அதற்குக் கணினி இயங்க வேண்டும், கணினி இயங்கப் பழைய புரொசசர் வேண்டும், எங்கள் பழைய புரொசசரோ முதற்கடைக்காரரின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது.

திருமலை வீதிக் கடையில் வேலை செய்யும் இளைஞர், நான் கதையைச் சொல்லி முடிக்குமுன்னரே, “அண்ணா, ரெவிஷன் நம்பரைப் பார்க்காம நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்று பெட்டியைக் கழற்றத் தொடங்கினார். கடற்காற்றில் துருவேறிய திருகாணிகள் இரண்டு அடம்பிடித்தன. தொலைபேசி வெளிச்சத்தில் போர்டின் மூலையில் அச்சிடப்பட்டிருந்த ரெவிஷன் எண்ணைத் தேடி ஒரு அட்டைத் துண்டில் எழுதினார். கிகாபைட்டைப் பொறுத்தவரை ஒரே மொடல் பெயரில் பல ரெவிஷன்கள் (திருத்திய வடிவங்கள்) உண்டு. ஒன்றின் பயோஸை மற்றதில் ஏற்றக் கூடாது. பிறகு 3470 ஐக் கழற்றி, சொக்கெட்டின் ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சோதனைக்கென்று கடையில் வைத்திருக்கும் ஐ3 2100 ஐப் பொருத்தினார். திரை உடனே ஒளிர்ந்தது. பயோஸ் பதிப்பைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புரொசசரும் எந்தப் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று நிறுவனம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டிருக்கும் அட்டவணையை எனக்கே திருப்பிக் காட்டினார். எங்களுடையது 3470 க்கு வேண்டிய பதிப்புக்கு முந்தியது. கிகாபைட் போர்டுகள் பலவற்றில் காப்பாக இரண்டாவது பயோஸ் சில்லு ஒன்று இருந்தாலும், மின்சாரம் நின்றாலும் கணினியை ஓட வைக்கும் யூபிஎஸ்ஸில் செருகிய பின்னரே புதிய பதிப்பை ஏற்றினார். இந்த ஊரின் கறண்டை அறிந்தவர். அதன் பிறகு 3470 எந்தச் சிக்கலுமின்றி இயங்கியது.

இந்தக் கடையின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது என் கணினியால் மட்டுமல்ல. நான் காத்திருந்தபோது அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒருவர், பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 790 கணினி ஒன்றுக்கு அதே 3470 ஐக் கேட்டார். அதன் சிப்செட் கியூ 65. சொக்கெட் 1155 ஆனாலும் ஐவி பிரிட்ஜுக்கு இன்டெல் ஆதரவு கொடுக்காத சிப்செட்டுகளில் அதுவும் ஒன்று. பயோஸைப் புதுப்பித்தும் பயனில்லை என்று சொல்லி, அந்த மெஷினுக்கு சாண்டி பிரிட்ஜைச் சேர்ந்த ஐ7 2600 வரைதான் போகலாம் என்றார்கள். அது கையிருப்பில் இல்லாததால் அன்று அவர் ஒன்றும் வாங்காமலே போனார். 1151 சொக்கெட்டிலும் இதே பொறி உண்டு: 6 ஆம், 7 ஆம் தலைமுறைக்கான போர்டில் 8 ஆம் தலைமுறைப் புரொசசர் உட்காரும், இயங்காது.

குறைகளும் உண்டு. ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு நாள் எடுத்தார்கள். சரிபார்த்தது என்ன, ஏற்றிய பயோஸ் எது என்று பற்றுச்சீட்டில் ஒரு வரிகூட இல்லை. ‘சேர்விஸ்’ என்று மட்டும் எழுதித் தந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய குறை, விண்டோஸ் பற்றி வாயே திறக்காததுதான். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது. 3470 மூன்றாம் தலைமுறை. எனக்கு இது முன்பே தெரியும், வீட்டில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். தெரியாமல் வருபவருக்குப் புரொசசரை விற்கும் முன் இதைச் சொல்வதும் அந்த 500 ரூபாவுக்குள் அடங்க வேண்டும்.

ரெவிஷன் எண்ணையும் பயோஸ் பதிப்பையும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் நானே எழுதி, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.