பெத்தானா, டி கோலா: 1940 ஜூனில் பிரான்சின் முன் இருந்த இரு வழிகள்

1912இல் பிரான்சின் அராஸ் நகரில் இருந்த 33ஆவது காலாட்படைப் பிரிவில் பெத்தான் கர்னல். டி கோல் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரி.

1940 ஜூன் 17 அன்று, ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது, 84 வயதுப் பிரதமர் பெத்தான் சண்டையை நிறுத்தியாக வேண்டும் என்று வானொலியில் சொன்னார். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து வெர்தன் நகரைக் காத்தவர் பேச்சாயிற்றே, பெரும்பாலோர் நம்பினார்கள். மேலும் உயிர்கள் போகக்கூடாது என்ற அவர் வாதத்தை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் விஷி நகரிலிருந்து ஜெர்மனியோடு ஒத்துழைத்து நடந்த அவருடைய அரசு அப்புறம் யூதர்களை நாஜிகளிடம் பிடித்துக்கொடுக்கும் அளவுக்குப் போனது. அதற்கு மன்னிப்பே கிடையாது.

அதே ஜூன் 17 அன்று, போரைத் தொடர வேண்டும் என்று டி கோல் லண்டனுக்குப் பறந்தார். கையில் படையில்லை, பணமில்லை; மறுநாள் போரைத் தொடர அழைப்பு விடுக்க பிபிசியின் ஒலிவாங்கி மட்டும்தான். செப்டம்பரிலேயே புதுச்சேரி அவர் பக்கம் சேர்ந்தது.

1945இல் பெத்தானுக்கு மரண தண்டனை. அதை ஆயுள் சிறையாகக் குறைத்தவர் டி கோல்.