லேண்ட் ரோவர் சீரீஸ் 3-ஆ, சுசுகி எஸ்ஜே410-ஆ?

வீட்டு வாசலில் வைத்தே பழைய ஜீப்பைப் புதுப்பிக்க நினைத்தால், சிங்கப்பூர் ஈரக்காற்றில் முதல் எதிரி துருதான். சீரீஸ் 3-இன் மேல்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை, சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், இரும்பு. மேலே பளபளப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் படுத்து, பின் குறுக்குச் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் உள்ளே அரித்திருக்கிறது. அலுமினியம் இரும்பைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம், அதையும் தடவிப் பாருங்கள்.

எஸ்ஜே410 முழுக்க இரும்புத் தகடு, வெல்டிங் வேலை அதிகம். 970 சிசி இன்ஜின் சிறியது; போர்ச்சில் சுற்றி வர இடமும் மிஞ்சும்.

என் ஓட்டு லேண்ட் ரோவருக்கே. போல்ட்டைக் கழற்றினால் மட்கார்டு தனியாகக் கையில் வந்துவிடும். அந்தச் சுகம் வேறு. அப்புறம், பழைய வண்டிகளுக்கான சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிய வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். பதிவுத் தேதியைப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.