நாலு இட்லியா, ரெண்டு இட்லியும் ரெண்டு முட்டையுமா?

காலை எட்டு மணிக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. பத்தரைக்கு டீக்கடை வடை கண்ணில் படும். கால் தானாக அங்கே போகும். இது என் பழைய கதை. நாலு இட்லியில் புரதம் சுமார் 8 கிராம்தான்.

ரெண்டு இட்லியைக் குறைத்து, ரெண்டு அவித்த முட்டை வைத்தால் அது கிட்டத்தட்ட 16 கிராம். கலோரி பெரிதாக மாறாது. ஆனால் மதியம் வரை வயிறு கூப்பிடுவதில்லை. பசியை அடக்கும் குடல் ஹார்மோன்களைப் புரதம் தூண்டுகிறது. அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடுகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான்.

சரி, எடை? முட்டை தின்றதால் யாரும் இளைப்பதில்லை. வடை நின்றால்தான் இளைக்கும். இளைக்கும்போது தசை கரையாமல் காக்கப் புரதம் உதவும், கூடவே கொஞ்சம் உடற்பயிற்சியும் இருந்தால்.

முட்டையில் நார்ச்சத்து துளியும் இல்லை. அதனால் சட்னியை விட்டு, காய் போட்ட சாம்பாருக்கு மாறினேன். முட்டை ஆகாதவர்களுக்குப் பெசரட்டு, அதாவது பச்சைப்பயறு தோசை, இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.