லைப்ரரி ஆஃப் அமெரிக்கா: எந்தத் தொகுதிக்குக் காசு கொடுக்கலாம்?

மெல்வில், ஹாதோர்ன், எமர்சன் என்று பெரிய பெயர்களை வாங்கத்தான் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வரிசைப் பக்கம் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் எழுதியதெல்லாம் பதிப்புரிமை முடிந்து இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. ஒரு தொகுதிக்கு ஆகும் சுமார் 40 டாலரை இதே வரிசையில் வேறு சில தொகுதிகளில் போடலாம். எவை என்று என் அலமாரியை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. பிரான்சில் பெரிய எழுத்தாளர்களை ஒரே அமைப்பில் வெளியிடும் பிளேயாத் வரிசை மாதிரி அமெரிக்க எழுத்துக்கும் ஒன்று வேண்டும் என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் 1972-இல் இறந்துபோனார். லாப நோக்கில்லாத பதிப்பகமாக இது 1979-இல்தான் தொடங்கியது, 1982-இல் முதல் தொகுதிகள் வந்தன. இப்போது 300-ஐத் தாண்டிவிட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு மேலுறை, குறுக்கே சிவப்பு-வெள்ளை-நீலக் கோடு. வக்கீல் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர்.

நியூஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்யும் பகுதிநேர வேலை எனக்கு. அதனால் எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன். இதில் ஃபாரங்களை, அதாவது மடித்த தாள்கட்டுகளை, நூலால் தைத்திருக்கிறார்கள், வெறும் பசை இல்லை. ஆயிரம் பக்கப் புத்தகத்தை நடுவில் பிரித்து மேசையில் வைத்தால் கையை எடுத்த பிறகும் திறந்தே கிடக்கும். அமிலம் இல்லாத காகிதம், துணி அட்டை, பக்கம் அடையாளம் வைக்க நாடா. காகிதம் மெலிசு, பின்பக்க எழுத்து லேசாகத் தெரியும். பேனாவால் கோடு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பென்சில்தான் சரி. மேலுறையின் கறுப்பில் விரல்ரேகை அப்படியே பதியும். அது ஒரு தொல்லை.

இன்னொரு தொல்லை பெரியது. முன்னுரை கிடையாது. ஆசிரியரின் வாழ்க்கைக் காலவரிசையும் குறிப்புகளும் கடைசியில் இருக்கின்றன. குறிப்பு இருக்கிறது என்று காட்ட, படிக்கிற பக்கத்தில் எண்ணோ நட்சத்திரமோ எதுவும் இல்லை. பக்க எண், வரி எண் போட்டுப் பின்னால் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால், குறிப்பு இருக்குமோ இருக்காதோ என்று தெரியாமலே பின்னால் போய்த் தேட வேண்டும். படிக்கிற ஓட்டம் கெடக்கூடாது என்று நினைத்திருப்பார்கள் போல. வெளியிலிருந்து வந்து இந்த இலக்கியத்தைப் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது சரிப்படவில்லை.

சரி, காசு கொடுக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். என் முதல் சிபாரிசு, அடிமைகளாக இருந்தவர்களின் தன்வரலாறுகளை ஒன்றாகத் தொகுத்து 2000-இல் வந்த தொகுதி. பத்து நூல்கள், சுமார் ஆயிரம் பக்கம். அவர்களில் மிகப் பிரபலமான ஃபிரெடரிக் டக்ளஸை மட்டும் தனியாகப் படித்தால், அடிமை வாழ்க்கையை எழுத இப்படி ஒரு நடைதான் உண்டு என்று தோன்றிவிடும். இதில் ஈக்வியானோ கடலோடியின் பயணக்கதை போல எழுதுகிறார். அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னர் சிறையில் சொன்னதை ஒரு வக்கீல் எழுதிக்கொண்டது இன்னொன்று. அதில் எந்த வரி டர்னருடையது, எது வக்கீலுடையது என்று யோசித்துக்கொண்டேதான் படிக்க முடியும். எழுதப் படிக்கத் தெரியாத சோஜர்னர் ட்ரூத் தன் கதையை வேறொருவரிடம் சொல்லி எழுதவைத்தார்.

வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் தம்பதியின் கதை என்றால் எனக்கு உயிர். 1848 டிசம்பரில் ஜார்ஜியாவிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குத் தப்பினார்கள். எலனுக்கு வெளுத்த நிறம். அதனால் நோயாளியான வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியாக ஆண்வேடம் போட்டுக்கொண்டார், கணவன் அவருடைய அடிமையாகக் கூடவே போனார். ஓட்டல் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்களே, எலனுக்கு எழுதத் தெரியாதே! வலதுகையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். ரயிலிலும் கப்பலிலும் கனவான்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் அன்று போய்ச் சேர்ந்தார்கள். எந்தத் துப்பறியும் கதையும் இதன் பக்கத்தில் நிற்காது.

இரண்டாவது, 1991-இல் வந்த, கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் தொகுதிகள் இரண்டும். இவற்றை மட்டும் வேறு பழைய பதிப்பில் வாங்க வேண்டாம். ரைட் எழுதியதை சந்தாதாரர்களுக்கு மாதாமாதம் புத்தகம் விற்ற 'புக் ஆஃப் த மந்த் கிளப்' கேட்டுக்கொண்டபடி அந்தக் காலத்தில் வெட்டினார்கள். இங்கே வெட்டியதைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். 1945-இல் அவருடைய தன்வரலாறான 'பிளாக் பாய்' அவருடைய தென்மாநில வாழ்க்கையோடு நின்றுபோனது, வடக்கே கிளம்புகிற நம்பிக்கையில் முடிந்தது. அதற்கப்புறம் சிகாகோவில் பட்ட பாடுகளைச் சொல்லும் பாதி அப்படியே போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதையே வேறு. தெற்கு மோசம், வடக்கு விடிவு என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வழியில்லை. பதிப்பாசிரியர் வேலை என்பது இதுதான்.

உறை ஒரே மாதிரி இருப்பதால் எல்லாரும் ஒரே நாளில் உள்ளே வந்த மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. அப்படி இல்லை. முதல் நான்கு தொகுதிகள் மெல்வில், ஹாதோர்ன், விட்மன், ஹாரியட் பீச்சர் ஸ்டோ. கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1986-இல் வந்தார். தன் சொந்த ஊரான ஈட்டன்வில்லில், கடைத்திண்ணையில் உட்கார்ந்து ஆட்கள் அவிழ்த்துவிட்ட புளுகுக் கதைகளையெல்லாம் சேகரித்த கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1995 வரை காத்திருந்தார். போலந்திலிருந்து வந்து நியூயார்க்கில் உட்கார்ந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் எழுதிய ஐசக் பஷேவிஸ் சிங்கருக்கு 2004-இல் மூன்று தொகுதிகள். ஆங்கிலத்தில் எழுதாதவரும் அமெரிக்க எழுத்தாளர்தான் என்று ஒத்துக்கொண்டதற்காகவே அதை வாங்கலாம். சீன வம்சாவளி அமெரிக்கரான மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் 2022-இல். மலிவுக் காகிதத்தில் வந்த துப்பறியும் கதைக்காரர்கள் ஹாமெட்டும் சாண்ட்லரும் தொண்ணூறுகளிலேயே இடம் பிடித்துவிட்டார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது 1993-இன் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுதிகள். கவிஞர்களைப் பிறந்த வருடப்படி வரிசையாக அடுக்கிவிட்டு, பூர்வகுடிகளின் பாடல்களையும் நாட்டுப்பாடல்களையும் கறுப்பினத்தாரின் பக்திப் பாடல்களையும் இரண்டாம் தொகுதியின் பின்பகுதியில் வைத்திருக்கிறார்கள். பாடியவர் யார், எந்த வருடம் என்று தெரியாததால் வரிசையில் சேர்க்க முடியவில்லை என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆனாலும் இந்த மண்ணில் மூத்தது கடைசியில் வருகிறது. அதுவும் இனவரைவியல் ஆய்வாளர்கள் எழுதிவைத்த மொழிபெயர்ப்பு வழியாக. புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள், சுவை வேறு.

ஹார்லெம் மறுமலர்ச்சி (1920-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை மையமாக வைத்து எழுந்த கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சி) நாவல்கள் இரண்டு தொகுதி, ஒன்பது நாவல். தனித்தனியாக வாங்குவதைவிட லாபம். கெவின் யங் தொகுத்த கறுப்பினக் கவிதைத் தொகுப்பு (2020) பரிசு கொடுக்க நல்லது. லத்தீனோ கவிதைத் தொகுப்பை (2024) இன்னும் முடிக்கவில்லை.

பழைய புத்தகமாக வாங்கினால் ஒரு விஷயம். சந்தாதாரர்களுக்கு அனுப்பிய பிரதிகளில் கறுப்பு மேலுறை இருக்காது, வெளிர்நிற அட்டைப் பெட்டிக்குள் துணி அட்டையோடு வரும். உறை தொலைந்த பிரதி என்று நினைத்துச் சில கடைக்காரர்கள் விலையைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். உள்ளே அதே புத்தகம்தான், தயங்காமல் எடுங்கள். நாடா அறுந்திருந்தாலும் பரவாயில்லை, முதல் ஃபாரம் தையலிலிருந்து கழன்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.