தேர்ஸ்டி ஸ்வோர்ட் லெஸ்பியன்ஸ் வாங்கலாமா?

பேர பாத்து சிரிச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க, உள்ள சரக்கு இருக்கு. ஏப்ரல் கிட் வால்ஷ்ங்கறவங்க எழுதி ஈவில் ஹாட் கம்பெனி 2021ல வெளியிட்ட டேபிள்டாப் ஆர்பிஜி இது, அதாவது நண்பர்கள் டேபிள சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு. வாள் சண்டையும், பெண்ணுக்கு பெண் மேல வர்ற காதலும்தான் இதோட மையம். அந்த வருஷத்துக்கான நெபுலா விருதுல (சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேண்டஸி எழுத்துக்கு குடுக்கற பெரிய விருது) கேம் ரைட்டிங் பிரிவுல ஜெயிச்சதும் இதுதான். வீடியோ கேமும் போட்டி போடற பிரிவுங்க அது, அதுல டைஸ் உருட்டற ஒரு கேம் தட்டிட்டு வந்திருக்கு.

மத்த கேம்லயும் எல்ஜிபிடி கேரக்டர்ஸ் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எங்க இருக்காங்கன்னு பாருங்க. இந்த வகைல ரொம்ப பிரபலமான டி அண்ட் டியோட (டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்) 2014 ரூல் புக்கான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல உங்க கேரக்டர் ஆணோ பெண்ணோ ரெண்டுக்குள்ள அடங்காததோ, யார லவ் பண்ணுதோ, எல்லாம் உங்க இஷ்டம்னு கொஞ்சூண்டு எழுதிட்டு அடுத்து உயரம் எடைன்னு போயிடுவாங்க. அதே மாதிரி இன்னொரு கேமான பாத்ஃபைண்டர்ல இன்னும் நல்லா பண்ணாங்க. 2013ல ஆரம்பிச்ச ராத் ஆஃப் த ரைட்டியஸ் அட்வெஞ்சர்ல இராபெத்னு ஒரு ஹாஃப்-ஓர்க் (பாதி மனுஷி, பாதி ஓர்க் இனம்) பாலடின், அதாவது தெய்வத்துக்காக வாளெடுக்கற வீராங்கனை, வருவாங்க, அவங்க பொண்டாட்டி அனீவியா ட்ரான்ஸ் பெண், அனீவியா தன் உடம்ப மாத்திக்கறதுக்கான மருந்து வாங்க இராபெத் தன்னோட வாளயே வித்திருப்பாங்க. ஒரு பாலடின் வாள விக்கறதுன்னா சும்மாவா! ஆனா அதெல்லாம் கதைய நடத்தற ஜிஎம் (கேம் மாஸ்டர்) படிக்கற பக்கத்துல இருக்கு, அவரு வாயத் தொறந்து சொன்னாத்தான் ப்ளேயருக்கு தெரியும், சொல்லலன்னா அனீவியா உங்களுக்கு வில்லு வச்சிருக்கற ஒரு ஆளு, அவ்ளோதான்.

தேர்ஸ்டி ஸ்வோர்ட் லெஸ்பியன்ஸ்ல அந்த காதல் ரூல்லயே இருக்கு, ஒளிச்சு வைக்க முடியாது. ரெண்டு ஆறுமுக டைஸ், கூட உங்க ஸ்டாட் (கேரக்டரோட திறமைக்கான நம்பர்), 10ஓ அதுக்கு மேலயோ வந்தா ஜெயிச்சீங்க, 7ல இருந்து 9ன்னா பாதி கெணறு, அதுக்கு கீழன்னா ஜிஎம் வைக்கறதுதான் சட்டம். கத்தி சண்டைக்கு ஒரு மூவ் (இது நடந்தா இப்படி பண்ணணும்னு சொல்ற ரூல்) இருக்கற மாதிரியே ஒருத்தர் மேல மனசு போறதுக்கும் ஒரு மூவ் இருக்கு, மனசு போச்சுன்னா ஏன்னு வாய்விட்டு சொல்லி அவங்களுக்கு ஒரு ஸ்ட்ரிங், அதாவது உங்க மேல ஒரு பிடி, குடுக்கணும், அந்த ஸ்ட்ரிங்க வச்சு அவங்க உங்கள ஆட்டி வைக்கலாம். எவ்ளோ உயிர் மிச்சம்னு எண்ணற ஹிட் பாயிண்ட்டே கெடயாது, அடி பட்டா கோவம், பயம், குற்ற உணர்ச்சின்னு அஞ்சு மனநிலைல ஒன்ன டிக் பண்றீங்க. ஆபத்தான நேரத்துல ஒருவழியா முத்தம் குடுத்துடறதுக்குன்னே தனியா ஒரு மூவ் எழுதி வச்சிருக்காங்க, அத படிச்ச அன்னைக்கே நான் க்ளோஸ்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ப்ளேபுக்ஸ், அதாவது நீங்க எடுத்து ஆடறதுக்கான ரெடிமேட் கேரக்டர் வகைகள். ஃபைட்டர், விசார்ட்னு தொழில வச்சு பிரிக்காம உள்ளுக்குள்ள ஓடற போராட்டத்த வச்சு பிரிச்சிருக்காங்க. பீஸ்ட்டுக்கு தன் இயல்போட இருக்கறதா, ஊருக்கு ஏத்த மாதிரி அடங்கிப் போறதான்னு இழுபறி. சீக்கர் தன்ன வளர்த்த கட்டுப்பெட்டி சமூகத்த விட்டு வெளிய வந்தவ, ஆனா அந்த சட்டதிட்டம் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு கேட்டு வளந்த நம்மாளுங்களுக்கு இத வெளக்கவே வேணாம். இத்தனைக்கும் கேரக்டர் லெஸ்பியனா இருந்தே ஆகணும்னு புக் சொல்லல, வாள் கூட கட்டாயம் இல்ல.

கொறைன்னா இருக்கு. புக்ல ஜோக் அடிச்சுட்டே இருக்காங்க, செட்டிங் பேரெல்லாம் பாத்தா (கேல் பாலடின்ஸ், லெஸ்பீன்ஸ் காஃபிஹவுஸ்) சில எடத்துல கொஞ்சம் ஓவரோன்னு தோணும். க்ரிட் போட்டு மினியேச்சர் நகர்த்தி கணக்கு பாத்து அடிக்கறவங்களுக்கு இது சப்புன்னு இருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவங்க டேபிள்ல ஃப்ளர்ட் பண்ண சொன்னா நெளிவாங்க, அவங்கள "என் கேரக்டர் வழியறா"ன்னு மட்டும் சொல்ல விடுங்க, போதும். யாருக்கு எது வேணாம், எங்க நிறுத்தணும்னு பேசி வைக்கறதுக்கு புக்லயே டூல்ஸ் இருக்கு, அத தாண்டிக் குதிச்சுட்டு ஆரம்பிச்சீங்கன்னா, லவ்வும் வெக்கமும் பொழங்கற கேம் இது, யாராவது ஒருத்தர் மனசு நொந்து போக நெறய வாய்ப்பு இருக்கு.

மொத தடவ பிடிஎஃப் மட்டும் வாங்குங்க, ப்ளேபுக் ஷீட்ட ப்ரின்ட் எடுத்துக்கோங்க, ஒரே ராத்திரில முடியற கதையா ஓட்டிப் பாருங்க. கலர் ஆர்ட்டுக்காக ஹார்ட்கவர் வாங்கறது அதுக்கப்பறம்.