எம்39 ரைபிளில் ‘1899-க்கு முந்தைய ரிசீவர்’ மோசடி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்க ஆன்லைன் ஏலத்தில் ஃபின்லாந்து எம்39, அதாவது ரஷ்ய மோசின்-நாகன் அடிப்படையில் செய்த பழைய ராணுவ ரைபிள், தேடுகிறவர்கள் கவனத்துக்கு. ரிசீவர் என்பது பேரலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்; விகேடி என்பது ஃபின்லாந்து அரசின் ரைபிள் ஆலை. ‘விகேடி 1942, எல்லா எண்களும் ஒன்றே, 1899-க்கு முந்தைய ரிசீவர்’ என்று கூடுதல் விலை வைத்து விற்கப்பட்ட ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்ததில் பேரல் மட்டும்தான் சொன்னபடி இருந்தது.

மோசின்-நாகன் ரிசீவரை ஃபின்லாந்து தயாரித்ததே இல்லை. ரஷ்யப் பேரரசு விட்டுப்போனது, போரில் பிடித்தது, வெளியே விலைக்கு வாங்கியது என்று கிடைத்த பழைய ரிசீவர்களில்தான் புதுப் பேரலை முறுக்கினார்கள். ஆகவே மேலே தெரியும் விகேடி முத்திரையும் 1942-உம் பேரலுக்கு மட்டுமே சொந்தம். கட்டத்துக்குள் இருக்கும் ‘எஸ்ஏ’ ராணுவ உடைமைக் குறி, அவ்வளவுதான். பிடிபட்ட சோவியத் 91/30 ரக மோசின்-நாகனிலும் அது இருக்கும். அதைக் காட்டி ‘ஃபின்லாந்துத் தயாரிப்பு’ என்பார்கள், நம்பாதீர்கள்.

ரிசீவரின் வயது, அதன் பின்னால் நீளும் வாலின் அடிப்பக்கத்தில் குத்தப்பட்டிருக்கிறது. குண்டு இல்லை என்று உறுதிசெய்து போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) உருவுங்கள். பேரலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டைகளைத் தளர்த்தி, வாலில் மேலிருந்து இறங்கும் திருகையும் மேகஸினுக்கு முன்னால் அடியிலிருந்து ஏறும் திருகையும் கழற்றினால் பேரலோடு ரிசீவர் மேலே வந்துவிடும். இடையில் மெல்லிய தகடுகள் விழுந்தால் எது எங்கே இருந்தது என்று குறித்துவையுங்கள். ஃபின்லாந்துக்காரர்கள் குறி தப்பாமலிருக்க வைத்தவை அவை. வாலின் அடியில் ஆண்டோடு ரஷ்ய ஆலையின் முத்திரையும் இருக்கும்: சுத்தியல் என்றால் தூலா, வில்லும் அம்பும் என்றால் இஷெவ்ஸ்க், வெறும் அம்பு என்றால் செஸ்த்ரோரெட்ஸ்க். விளம்பரப் படத்தில் இருந்தது சுத்தியலும் 1897-உம். வந்த துப்பாக்கியிலோ வில்லம்பு, 1915. படம் வேறொரு துப்பாக்கியுடையது.

இது வெறும் விலை விவகாரம் இல்லை. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்த ரிசீவர்தான் பழம்பொருள்; அதற்கு மட்டும்தான் அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடு இல்லை. 1915 ரிசீவர் வேறு மாநிலத்திலிருந்து உரிமம் உள்ளவர் வழியாக வராமல் நேரே வீட்டு வாசலுக்கு வந்தால் வாங்கியவருக்கும் சிக்கல்.

‘எண்கள் ஒன்றே’, அதாவது எல்லாப் பாகங்களிலும் ஒரே வரிசை எண், என்பது இன்னொரு தூண்டில். போல்ட் தலை ஓர் ஆலை, அதன் பின்முனையில் உள்ள காக்கிங் பீஸ் இன்னோர் ஆலை என்று கலந்திருப்பதுதான் எம்39-இல் சகஜம். இங்கே போல்ட் கைப்பிடியின் அடியில் பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். எஃகு அளவுகோலின் ஓரத்தை அங்கே நிறுத்திப் பார்த்தால் பள்ளத்தில் வெளிச்சம் தெரிந்தது; எண்களின் விளிம்பும் புதுசாய்ப் பளபளத்தது. அவசரத்துக்குக் கோத்த போல்ட் என்றால் இந்த ரைபிளின் தோட்டாவான 7.62×54ஆர்-க்கு உரிய அளவு கேஜ் போட்டு ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பார்க்காமல் சுடாதீர்கள். தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரை அடித்துப் பற்றவைக்கும் ஃபயரிங் பின், போல்ட் முகத்திலிருந்து 1.9 முதல் 2.4 மி.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் வெடிக்காது, கூடினால் பிரைமர் துளைபடும்.

மரக்கட்டையின் முன்பக்கம் இரண்டு துண்டுகளைச் சேர்த்த ஒட்டுக்கோடு தெரிந்தால், அதை உடைசல் என்று நினைத்து விற்பனையாளரோடு சண்டை போடாதீர்கள். அது ஆலையிலேயே போட்டது.

படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். பேரல் எண்ணில் தொடங்கி, வெட்டாமல், அப்படியே திருப்பி வாலின் அடிவரை காட்டச் சொல்லுங்கள். ‘பிரித்தால் மதிப்பு போய்விடும்’ என்று இழுத்தால் விலகிவிடுங்கள். இந்த விற்பனையாளரும் அதைத்தான் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ‘உள்ளது உள்ளபடி விற்றது’ என்று கைவிரித்துவிட்டார்.