விரல்ல போடுற ஒக்சிமீட்டர்: சாமான் நல்லம், ஆனா துண்டில ஒரு வரி குறையுது

ரத்தத்தில ஒக்சிசன் எத்தினை வீதம் எண்டு காட்டுற சாமான் இது, அம்மாவுக்குத் தொய்வு எண்டபடியா லண்டனில ஒரு ஃபார்மசியில வேண்டினது. பிராண்ட் பேர் தேவையில்லை, இந்த விலைக்கு வாறது எல்லாம் ஏறக்குறைய ஒண்டுதான். அஞ்சுக்கு மூண்டு ஸ்டார்.

இலக்கம் பெரிசு, அம்மா கண்ணாடி இல்லாமலே வாசிப்பா, விரலை எடுத்தா தானா நிண்டுடும், பற்றரியும் கனநாள் நிக்குது. கழுத்தில தொங்கவிடுற நாடா சும்மா பேருக்கு.

பெட்டிக்குள்ள வந்த துண்டில நகத்துக்கு கியூட்டெக்ஸ் பூசாதேங்கோ, கை குளிர்ந்தா தேய்ச்சுச் சூடாக்குங்கோ, அசையாதேங்கோ எண்டெல்லாம் போட்டிருக்கு, தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இது விரலுக்குள்ளால சிவப்பு வெளிச்சமும் இன்ஃப்ராரெட்டும் விட்டு ரத்தம் எவ்வளவு உறிஞ்சுது எண்டு பார்த்துத்தான் கணக்குப் போடுது, எங்கட தோலில இருக்கிற மெலனினும் அதில ஒரு பங்கை எடுக்கும், அதால கறுத்த ஆக்களுக்கு உண்மையிலும் பார்க்கக் கூடக் காட்டக்கூடும். கூடக் காட்டுறதுதான் ஆபத்து, குறையக் காட்டினா பயந்தாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவம்.

புதுக்கதையும் இல்லை இது. 1990லயே அமெரிக்காவில வென்டிலேட்டரில இருந்த நோயாளிகளைப் பார்த்து எழுதிப்போட்டினம். பிறகு 2020 டிசம்பரில மிச்சிகன் டொக்டர்மார் கணக்கோட காட்டினவை: மெஷின் 92க்கும் 96க்கும் இடையில காட்டேக்க, ரத்தத்தை எடுத்துச் சோதிச்சா 88க்குக் கீழ இருந்தது கறுப்பின ஆக்களில 11.7 வீதம், வெள்ளையரில 3.6 வீதம். இடையில 30 வருஷம் என்ன செய்தவை? மருந்து, மருத்துவக் கருவியளைக் கட்டுப்படுத்துற அமெரிக்க அரச அமைப்பான எஃப்டிஏயின்ர 2013 வழிகாட்டலின்படி 10 பேரில சோதிச்சாலே காணும், அதில கறுத்த தோல்காரர் ரெண்டு பேர் இருந்தாச் சரி. 2025 ஜனவரியிலதான் அதை 150 பேராக்கச் சொல்லி வரைவு விட்டினம்.

இங்க இங்கிலாந்தில கோவிட் நேரம் அரச சுகாதார சேவையான என்எச்எஸ் இதை வீட்டுக்கே குடுத்து, 92 இல்லாட்டி அதுக்குக் கீழ எண்டா உடன வாங்கோ எண்டது. அந்த இலக்கத்தை நம்பி எங்கட சனம் எத்தினை பேர் வீட்டில கிடந்திருக்கும் எண்டு நினைச்சா வயிறு பத்துது. மார்கரெட் வைட்ஹெட் தலைமையில அரசாங்கமே போட்ட குழு 2024 மார்ச்சில இந்தப் பாகுபாட்டை எழுதிக் குடுத்தது, அரசாங்கமும் ஓமெண்டது. ஆனா நான் வேண்டின பெட்டிக்குள்ள இன்னும் பழைய துண்டுதான்.

எங்கட கதையும் கேளுங்கோ. அம்மா ஒரு வசனத்தை முடிக்க ஏலாமல் இழுக்கிறா, உதவி கேட்டு ஃபோன் எடுத்தா, அதில கதைச்சவ கேட்டது மெஷின் காட்டுற இலக்கம் மட்டும். 95 எண்டன், அப்ப பிரச்சினை இல்லை, நாளைக்கு எடுங்கோ எண்டு வச்சிட்டா. மனம் கேக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஏ அண்ட் ஈ) கொண்டு ஓடினம், அங்க மணிக்கட்டில ரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் கதையை விட்டிட்டு முதல் அம்மாவுக்கு ஒக்சிசன் மாஸ்க்கைத்தான் போட்டார். மெஷின் பிழைச்சதை விட, கண்ணுக்கு முன்னால மூச்சு வாங்குறதைச் சொல்லியும் எடுபடாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறேல்லை. இதுக்குப் பிறகு அம்மா குடும்ப டொக்டருக்கு (ஜிபி) ஃபோன் எடுக்கவே பஞ்சிப்படுறா, அவை நம்பாயினம் எண்டு.

வேண்டலாமோ எண்டு கேட்டா, வேண்டுங்கோ. சுகமா இருக்கேக்க ஒவ்வொரு நாளும் பார்த்து கொப்பியில எழுதிவையுங்கோ, வழமையிலிருந்து இறங்குதோ எண்டதுதான் முக்கியம், ஒருக்காக் காட்டுற இலக்கம் இல்லை. ஃபோன் எடுத்தா முதல் மூச்சைச் சொல்லுங்கோ, கறுத்த தோல், மெஷின் கூடக் காட்டக்கூடும் எண்டும் வாய்விட்டுச் சொல்லுங்கோ, கதைக்க ஏலாமல் இழுத்தா 97 காட்டினாலும் அம்புலன்சுக்கு 999 அடியுங்கோ.